மதியச் சாப்பாட்டு நேரத்துப் போர்

மூக்குக்கண்ணாடிக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியதும் அங்கே லென்ஸ் உரசித் தரும் லென்ஸ்காரன் வேண்டாவெறுப்பாகப் போனைக் கையில் எடுத்தான்.

"சீக்கிரம் வாப்பா! எதிரி கோட்டை வாசல்ல வந்து நிக்கிறான்!" என்று கண் பரிசோதனை அறையிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

வீடு அடுத்த தெருவில்தான். மனைவி சூடாகச் சமைத்து வைத்துக் காத்திருப்பாள். போய் நாலு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணை மூடி எழுந்து வரலாம். அதை விட்டுவிட்டு அவன் தினமும் போனைத் தூக்கிக்கொண்டு போருக்குப் போனான். கடையில் ஐந்து பேர் ஓர் அணி. எதிரே முகம் தெரியாத ஐந்து பேர். அவர்கள் கோட்டையை இவர்கள் இடிக்க வேண்டும், இவர்கள் கோட்டையை அவர்கள் இடிக்க வேண்டும். இடித்த பிறகு? மறுபடி முதலிலிருந்து. தெருவில் பள்ளம் தோண்டி மூடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், அவர்களுக்காவது கூலி உண்டு.

இந்த வினையைக் கடைக்குள் கொண்டுவந்த புண்ணியவான் வேறு யாருமில்லை, அவனேதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லார் போனையும் பிடுங்கி, விளையாட்டை ஏற்றிக் கொடுத்து, வாத்தியார் மாதிரி பாடம் எடுத்தான். "என் வாழ்க்கையில இருக்கிற ஒரே சந்தோஷம் இதுதான் சார்!" என்று முதலாளியிடம் கண் பளபளக்கச் சொன்னான். கல்யாணமான ஆள் வாயைத் திறந்து சொல்லக்கூடிய பேச்சா அது? சொன்னான்.

இப்போது அந்த ஆசை அடியோடு போய்விட்டது. வாளைப் பார்த்தால் கொட்டாவி, கோட்டையைப் பார்த்தால் எரிச்சல்.

விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்றால், அங்கேதான் சிக்கல். முன்பு இருந்த கண் பரிசோதகர் ஒருநாள் முதலாளி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு, "என்னால ஆட முடியல சார்" என்றதைக் கண்ணாடிக் கதவு வழியாக இவனே பார்த்தான். அடுத்த வாரமே அவருக்கு ஊர்க்கோடிக் கிளைக்கு மாற்றல். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மதியம் வீட்டுச் சாப்பாடு ஜென்மத்துக்கும் கிடையாது.

மனைவிக்கோ பொறுமை தீர்ந்துபோயிற்று. "நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, பக்கத்து வீட்டுப் பூனைக்குச் சமையக்காரியா? நீங்க சாப்பிட வேண்டியதை எல்லாம் அதுதான் சாப்பிடுது. பூனை புலி மாதிரி ஆயிடுச்சு."

லென்ஸ்காரன் மூளையைக் கசக்கினான். முதலில் நெட் மேல் பழியைப் போட்டான்.

"சிக்னலே வரல சார். நான் இருந்தா அணிக்குத்தான் நஷ்டம்."

முதலாளி உடனே நெட் கம்பெனிக்குப் போன் போட்டார். மறுநாள் புது இணைப்பு வந்து, அவனுடைய லென்ஸ் உரசும் மெஷினுக்கு நேர் மேலேயே வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள்.

"இப்ப சந்தோஷம்தானே?" என்றார் முதலாளி.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றான், அழாத குறையாக.

அடுத்து, கட்டை விரலில் பெரிய கட்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்தான். "மெஷின்ல பட்டுடுச்சு சார். விரலை அசைக்கவே முடியல."

"அடடா! இந்த விரலோடவா வந்தே?" முதலாளி கட்டைத் தொட்டுப் பார்த்தார். "சரி, இனிமே நீதான் கேப்டன். நீ ஆட வேண்டாம், உட்கார்ந்து உத்தரவு மட்டும் போடு. சந்தோஷம்தானே?"

கேஷியர் பெருமூச்சு விட்டார். பிரேம் காட்டும் பெண் மூடிய டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக் கண் பரிசோதகர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். தன்னைத் தலைவனாக்கியதில் இவர்களுக்குப் பொறாமை என்று லென்ஸ்காரன் நினைத்துக்கொண்டான். நடுவில் தரை துடைக்கும் அக்கா மட்டும் யார் போர், யார் கோட்டை என்ற கவலையில்லாமல், "காலைத் தூக்குங்க" என்று துடைப்பானை உள்ளே விட்டாள்.

கட்டு அவிழ்ந்ததும் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். படுமோசமாக ஆடி எல்லாரையும் தோற்கடித்தால் அவர்களே துரத்திவிடுவார்கள் அல்லவா? தன்னந்தனியாக எதிரி கூட்டத்துக்குள் போய் நின்றான். ஐந்து எதிரிகளும் கோட்டையைக் காலியாகப் போட்டுவிட்டு இவனைத் துரத்தினார்கள். அந்த நேரம் பார்த்து மற்ற நாலு பேரும் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். பல மாதம் கழித்து முதல் வெற்றி! நாசமாய்ப் போக.

முதலாளி கசப்பு மருந்தை விழுங்குகிறவர் போல ஒரு சிரிப்பு சிரித்தார். "உன் திறமைக்காக ஒரு போட்டியில பேர் குடுத்துட்டேன்பா. இனிமே ஞாயித்துக்கிழமையும் நாள் முழுக்க ஆடலாம். சந்தோஷம்தானே?"

அன்று மாலை மனைவியிடம் சொன்னான். அவள் கத்தவில்லை. "ஞாயித்துக்கிழமையுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவன் தட்டை எடுத்துப் பூனைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதுதான் அவனைச் சுட்டது. மாற்றல் வந்தால் வரட்டும், இவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாழ்வதைவிட இரண்டு பஸ் மேல் என்று முடிவு கட்டினான்.

மறுநாள் மதியம் ஷட்டர் இறங்கியதும் முதலாளி முன்னால் போய் நின்றான்.

"சார், எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கல. பிடிக்காமப் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சாப்பிட வீட்டுக்குப் போறேன். நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க!"

முதலாளி கையிலிருந்த போனை மேசைமேல் வைத்தார். "ஒரு வருஷத்துக்கு மேலயா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் விறுவிறுவென்று உள் அறைக்குள் போனார். மற்ற மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

லென்ஸ்காரன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான். துடைப்பானோடு அக்கா வந்தாள்.

"அவ்வளவுதான்க்கா, என் கதை முடிஞ்சுது. உள்ள மாற்றல் உத்தரவு தயாராகுது. பழைய பரிசோதகரையும் இப்படித்தானே தூக்கி அடிச்சாங்க?"

அக்கா துடைப்பானை வாளியில் முக்கிப் பிழிந்தாள்.

"அவரை யாரு அடிச்சா? ஆட்டம் தாங்க முடியாம முதலாளி கால்ல விழுந்து அந்தக் கிளையைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. அங்க வேற இடம் காலி இல்லாததால மத்தவங்க போக முடியல. உங்க வாழ்க்கையில இருக்கிற ஒரே சந்தோஷத்தைப் பறிச்ச பாவம் வேண்டாம்னு, முதலாளி உட்பட எல்லாரும் பல்லைக் கடிச்சிட்டு உங்ககூட ஆடிட்டு இருந்தாங்க... காலைத் தூக்குங்க."