மூன்று அங்குலக் கிறீஸ் கறை

அரச வாகனத்தைச் சுத்தமாக வைத்திருப்பது சாரதியின் தலையாய கடமை என்று சுற்றறிக்கை சொல்கிறது. கல்முனையில் ஒரு கிளை அலுவலகத்தின் சாரதி பஹ்மி, பாவம், அதை நம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவரும் மனைவி ஹாஜறாவும் உம்றா யாத்திரைக்கு மக்காவுக்குப் பறக்கவேண்டும். பன்னிரண்டு வருட ஆசை. வெளிநாட்டு விடுமுறைக் கடிதத்தில் நிருவாக உத்தியோகத்தர் தங்கரத்தினத்தின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போகுமுன் காரைப் பளிச்சென்று ஒப்படைப்போமே என்று நினைத்தார். இடது பின்கதவுக்குக் கீழே ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டியில் ஒரு கிறீஸ் கறை வருடக்கணக்காக ஒட்டிக்கிடந்தது. சுடுதண்ணீரும் கோப்பை கழுவும் சவர்க்காரமும் ஊற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். பத்து நிமிடத்தில் பட்டி புதிதாகிவிட்டது.

புதன்கிழமை களஞ்சியப் பொறுப்பாளர் றுக்ஸானா பதிவேட்டோடு காரை இரண்டு தரம் சுற்றிவந்தார்.

"பஹ்மி காக்கா, இதில ஒரு கறை இரிக்கணுமே. 'கிறீஸ் கறை, மூன்று அங்குலம், ஒன்று' எண்டு காரைப் பாரமெடுக்கக்குள்ள கையெழுத்து வெச்சிரிக்கீங்க."

"கழுவிட்டன் தங்கச்சி."

"கழுவினீங்களா? ஆரக் கேட்டு?"

விடயம் தங்கரத்தினத்தின் மேசைக்குப் போனது. அவர் நல்ல மனிதர். காரணமில்லாமல் ஒரு கடிதத்தையும் தாமதப்படுத்தியதில்லை. காரணம் தேடுவதுதான் அவருடைய வேலையே.

"பாரமெடுத்ததைத் திருப்பிப் பாரம் குடுக்கணும். கறை எங்க?"

"கழுவின தண்ணியோட கானுக்குள்ள போயிட்டுது சேர்."

"கானைப் பாத்தீங்களா?"

"கான் கடலுக்குப் போகுது சேர்."

"அப்ப கடலுக்குப் பொறுப்பான ஆக்களுக்கும் ஒரு பிரதி போடணும்," என்று குறித்துக்கொண்டார்.

"சேர், கறையும் ஒரு சொத்தா?"

"சொத்தில இருந்தா சொத்துத்தான். அதைக் கண்டுபிடிக்காம உங்களை நாடு கடக்க விட்டா, நாளைக்குக் கணக்காய்வுக்கு நான் என்ன சொல்லுற?"

தங்கரத்தினம், றுக்ஸானா, எழுதுவினைஞர் சுதன் ஆகிய மூவர் கொண்ட குழு உடனடியாக அமைக்கப்பட்டது. குழு முழங்காலில் நின்று பட்டியைப் பரிசோதித்தது. 'மேற்படி கறை பௌதிக ரீதியாகக் காணப்படவில்லை' என்று ஏகமனதாக முடிவெடுத்தது. பிறகு தேநீரும் பற்றிஸ் பலகாரமும் வந்தன. நாளை நான்கு மணிக்குள் கறை கிடைத்தால் விசாரணைக் கோப்பை மூடலாம் என்று குழு பெருந்தன்மையோடு அறிவித்தது.

வீட்டில் ஹாஜறா கட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதார்.

"கறைதானே கேக்காங்க, குடுத்துட்டு வாங்களேன்! ஊரெல்லாம் பயணம் சொல்லி முடிச்சாச்சு. இனி எந்த முகத்தோட வெளிய போற?"

பஹ்மி மறுநாள் காலையில் மருதமுனைக்குப் போய், மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் ஒரு விரல் கிறீஸ் வாங்கிவந்து பட்டியில் பூசினார். சுதன் அடிமட்டம் வைத்து அளந்தார்.

"மூண்டரை அங்குலம் இருக்கே சேர்."

"வெயிலுக்கு இளகியிருக்கும்," என்றார் தங்கரத்தினம். அறிவியலும் நிருவாகமும் இவ்வளவு ஒற்றுமையாக நடந்துகொள்வது அபூர்வம்.

பிறகு பஹ்மியிடம் ஒரு தாளை நீட்டினார். 'இது முன்னர் காணப்பட்ட அதே கறையே எனச் சத்தியமாக உறுதிப்படுத்துகிறேன்.'

"சேர், இது பொய்யில்லையா? நான் அல்லாஹ்ட வீட்டுக்குப் போற மனிசன்."

"அங்க போறதுக்குத்தானே இந்தக் கையெழுத்து."

பஹ்மி தாளை மூன்று தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். மூவரும் சாட்சியாக வைத்தார்கள். ஒருவரும் ஒரு தரம்கூட வாசிக்கவில்லை. விடுமுறைக் கடிதமும் கிடைத்தது.

எல்லோருக்கும் மனம் இளகிவிட்டது.

"காக்கா, அங்க போய் எங்கட பாவத்துக்கும் மன்னிப்புக் கேளுங்க," என்றார் றுக்ஸானா.

"எங்களையும் மறந்திராதீங்க," என்றார் சுதன்.

"கேக்கிறன் தங்கச்சி. என்னென்ன பாவமெண்டு ஒரு பட்டியல் எழுதித் தாங்க. இண்டைக்குச் செஞ்சதையும் சேத்துக்கங்க. முதல் பேரு என்ட பேரா இரிக்கட்டும்."

றுக்ஸானா வெள்ளைத்தாள் எடுத்தார். தங்கரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"கையெழுத்தில்லாத பட்டியல் அலுவலகத்தை விட்டு வெளிய போகேலாது. சம்பந்தப்பட்ட எல்லாரும் வைக்கணும்."

சுதனுக்குத் தொலைபேசி வந்தது. றுக்ஸானாவின் பேனையில் மை முடிந்தது. தங்கரத்தினத்துக்கு ஒரு கூட்டம் ஞாபகம் வந்தது. பஹ்மியும் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்.