சிஸ்டர் ரிவர்ஸ் எடுக்கிறார்

கம்பம் சாய்ந்த சத்தம் கேட்டதுமே சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது, நாலாவது தடவையும் போச்சு என்று.

"ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால பார்க்க மாட்டீங்களாம்மா?" என்றார் டிரைவிங் டெஸ்ட் அதிகாரி.

"ஜெயிக்கணும்னா திரும்பியே பார்க்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார் சார்."

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு 'ஃபெயில்' என்று எழுதினார்.

சிஸ்டருக்கு ஆஸ்பத்திரியில் இருபத்தொரு வருட சர்வீஸ். ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கும் வண்டிக்கு அவரைப் பொறுப்பாகப் போடத் தயாராக இருந்தார்கள். ஆனால் வண்டியை அவரே ஓட்ட வேண்டும், மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். இந்த வேலைக்காக அவர் ஏங்காத நாள் கிடையாது.

கணவர், கம்பெனி கம்பெனியாகப் போய் 'வாழ்வில் வெல்வது எப்படி' என்று வகுப்பு எடுப்பவர். பேச்சாளர் என்றால் ஊருக்கே தெரியும். டெஸ்ட் நாளில் சிஸ்டரைக் காரில் கூட்டிவந்து, மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வார். வெயில் ஆகாதாம்.

"தடைன்னு வந்தா தாண்டிப் போயிடணும்," என்றார், ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பியபடி.

ஐந்தாவது டெஸ்டில் சிஸ்டர் தாண்டினார். மஞ்சள் தடுப்பு இரண்டு துண்டானது.

"எல்லாம் பதற்றம்!" என்றார் கணவர். "கண்ணை மூடி, மூச்சை நல்லா இழுத்து விடு. மனசு லேசாயிடும்."

ஆறாவது டெஸ்டில் மனசு லேசானது. கண்ணைத் திறந்தபோது மைதானத்து வேலி டெஸ்ட் காரின் பானெட்டின் மேல் கிடந்தது. அதிகாரி இறங்கி, கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டார்.

அன்று காரில் ஏறியதும் பேச்சாளர் தொண்டையைச் செருமினார்.

"சில பேருக்குச் சில விஷயம் வராதும்மா. இருக்கிறதை வச்சு சந்தோஷமா..."

"வரலைன்னா வரவைக்கிறேன்!" சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது, குரல் மட்டும் இறங்கவில்லை. "இன்னும் நாலு நாள் இருக்கு. இனிமே ஒரு பொன்மொழி சொன்னீங்க, இறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்."

ஆம்புலன்ஸ் டிரைவரைப் பிடித்து, மூன்று நாள் ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வண்டி ஓட்டிப் பழகினார். அந்த மனுஷர் தத்துவமே பேசவில்லை. "கண்ணாடியைப் பாருங்க சிஸ்டர், பிரேக்கை மிதிங்க" என்பதோடு சரி.

ஏழாவது டெஸ்ட். அதிகாரி சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார், கழுத்து வலிக்கத் திரும்பியும் பார்த்தார். கம்பம் நின்றது. தடுப்பும் நின்றது. புதிதாகக் கட்டிய வேலிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பாஸ்," என்றார் அதிகாரி. அவருக்கே நம்ப முடியவில்லை.

லைசென்ஸ் கொடுக்கும் ஜன்னலில், தலை நரைத்த குமாஸ்தா விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"கொஞ்சம் சீக்கிரம் சார். வீட்டுக்காரர் கார்ல காத்துக்கிட்டிருக்கார். இன்னிக்கு நான்தான் வீடுவரைக்கும் ஓட்டப் போறேன்!"

கணவர் பெயர் எழுதிய இடத்தில் குமாஸ்தாவின் விரல் நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"நீங்களே ஓட்டுங்க சிஸ்டர், அதான் நல்லது. பேச்சாளர் சார் ஒன்பது தடவை ஃபெயிலாகி, இந்தப் பக்கம் வர்றதையே நிறுத்திப் பன்னிரண்டு வருஷமாச்சு!"