மூச்சு விடாத வரைக்கும் கச்சிதம்

டேப்பைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் வியாதி எனக்கு உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் தையல்கார ஆன்டி ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதெல்லாம் இருக்கிற காற்றையெல்லாம் வெளியே விட்டு, வயிற்றை எக்கிச் சிலையாய் நிற்பேன். ஓரிரு அங்குலம் குறைத்துக் காட்டலாமே என்ற நப்பாசை! (ஆன்டி கெட்டிக்காரி. தானாகவே கொஞ்சம் கூட்டித் தைத்துவிடுவார்.)

அக்காவின் கல்யாண விருந்துக்கு நான்தான் அறிவிப்பாளர். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பதவி.

"ஒழுங்கா பேசு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால மானத்த வாங்காத" என்று அக்கா எச்சரித்திருந்தாள்.

என் ப்ராக்களோ எல்லாம் தொளதொள. அம்மா, வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் ஒரே அளவில் மொத்தமாக வாங்கிப் போடுபவர். மேடையில் பட்டை நழுவினால்? வாழ்க்கையில் முதல்முறையாக அளந்து வாங்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனேன்.

கடைப்பெண் மார்புக்குக் கீழே டேப்பைச் சுற்றினாள். வியாதி வந்துவிட்டது.

"அக்கா, சாதாரணமா மூச்சு விடுங்க லா."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"முப்பத்திரண்டு" என்றாள். முப்பத்தெட்டு போட்டுத் திரிந்தவளுக்குத் தலைகால் புரியுமா? போட்டுப் பார்த்தபோதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணாடி முன் நின்றேன். அவ்வளவு கச்சிதம்!

கிள்ளான் மண்டபத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மைக்கைப் பிடித்து மூச்சை இழுத்தேன். உள்ளே போகவில்லை.

"அனைவருக்கும்... வணக்கம்... என்... அக்கா..."

கண்ணில் நீர் முட்டியது. (வலி ஐயா, வலி!)

"பாவம், அக்கா மேல எவ்ளோ பாசம்!" என்று முன்வரிசையில் சித்தப்பா கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்து அம்மா தேம்பினார். மாப்பிள்ளை வீட்டாரும் கைக்குட்டையை எடுத்தார்கள். மேடையில் அக்காவின் கண்மை கன்னம்வரை வழிந்தது. ஆகா, எப்பேர்ப்பட்ட பேச்சாளர் நான் என்று எனக்குப் பெருமை வேறு.

"இன்றோடு... என் அக்கா... எங்கள் வீட்டை விட்டு... போகிறாள்..."

முதுகில் 'டப்'. கொக்கிகள் மொத்தமும் பிய்த்துக்கொண்டன. நுரையீரல் நிறையக் காற்று.

"அப்பாடா!"

மைக் நல்ல மைக். கடைசி மேசைவரை கேட்டது.

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். தேனிலவு முடியும்வரை அக்கா என்னோடு பேசவில்லை. நான் மறுபடி கடைக்குப் போய், ஒழுங்காக மூச்சு விட்டு, முப்பத்தாறு வாங்கி வந்தேன்.

இப்போதெல்லாம் அக்கா அம்மா வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது, அத்தான் கார் கண்ணாடியை இறக்கி, "எங்க, எல்லாரும் சொல்லுங்க!" என்பார். வாசலில் நிற்கும் மொத்தக் குடும்பமும் "அப்பாடா!" என்று கையசைக்கும். விடைபெறும் முறையே அதுதான் என்று அவர்கள் மகள் நினைத்துவிட்டாள். பாலர் பள்ளி விட்டதும் தினமும் வாசலில் நின்று, "அப்பாடா, டீச்சர்!" என்று பணிவாகக் கும்பிட்டுவிட்டு வருகிறாளாம்.