நிழல்சாமியின் கிழியாத கூடாரம்

அந்தப் பங்குனியில் பரளச்சிப் பக்கம் மாடி வைத்த மெத்தை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரின் தலைக்கு மேலும் ஒரு கெட்ட சகுனம் தொங்கியது. நீல நிறத்தில், நார் நாராகத் தொங்கியது.

போன வருஷம் வெக்கை தாங்காமல் எல்லாரும் மாடியில் இரும்புக் குழாய் நட்டு, படுதாவை இழுத்துக் கட்டிக் கூடாரம் போட்டார்கள். கீழே வீடு கொஞ்சம் குளிர்ந்தது. மேலே மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளவும், கட்டிலைப் போட்டுச் சாயவும் நிழல் கிடைத்தது. எல்லாரும் ஒரே வண்டிக்காரரிடம், ஒரே மெல்லிசுப் படுதாவை, ஒரே சமயத்தில் வாங்கியவர்கள். அவிழ்க்காமல், கழுவாமல் வருஷம் பூராவும் வெயிலில் விட்டவர்கள். ஆகவே எல்லாப் படுதாவும் ஒரே சமயத்தில் கிழிந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அதனால் ஊர் ஆச்சரியப்பட்டது.

"ஒரு வீட்டுல கிழிஞ்சா காத்துன்னு சொல்லலாம். ஊரு பூராம் கிழிஞ்சா?" என்று கேட்டாள் அந்த ஊர் முத்துத்தாய்.

அதற்கான பதில் திருச்சுழி ரோட்டில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்திருந்தது. பெயர் நிழல்சாமி. அவர் வீட்டு மாடியில் மஞ்சள் கூடாரம் ஒன்று, கல்யாணத்துக்கு அலங்கரித்த மாதிரி மின்னிக்கொண்டு நின்றது. 'பத்துக் கோடை கண்டும் கிழியாத கூடாரம். சூரியனே வணங்கும் நிழல். இங்கே சாதி இல்லை, மதம் இல்லை' என்று வாசலில் பேனர் தொங்கியது. பேனரில் இருந்த சாமியின் முகம் மட்டும் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சாமி கிழிசல் பார்த்துக் குறி சொல்வார். கிழிந்த படுதாவை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் பார்ப்பார். குறுக்கே கிழிந்திருந்தால் வீட்டில் நோவு. மூலையில் பிய்ந்திருந்தால் மூத்தவருக்கு ஆகாது. நெடுக்கக் கிழிந்திருந்தால் வீட்டுக்குள் வந்த யாரோ சரியில்லை. ஓட்டை விழுந்திருந்தால் அதைத் தனியாகச் சொல்வார், அதற்குக் காணிக்கையும் தனி. கிழியாத படுதாவை யாரும் கொண்டு போகாததால் நல்ல குறி சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஜனம் படுதாவைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியது. அருப்புக்கோட்டையில் இருந்து வந்தார்கள். வீரசோழனில் இருந்து ஒரு லோடு ஆட்டோ நிறைய வந்தார்கள். கண்டக்டர் முதலில் படுதாவுக்கு லக்கேஜ் போட்டார். பிறகு அவரும் தன் வீட்டுப் படுதாவைக் கொண்டு வந்தார்.

பரிகாரமாக சாமி கொடுத்தது ரட்சைத் துண்டு. தன் மஞ்சள் கூடாரத்தின் ஓரத்தில் இருந்து வெட்டிய கையகலத் துணி. அதை நம் படுதாவில் தைத்துவிட்டால் தோஷம் அண்டாது. நாள் தவறாமல் வெட்டியும் கூடாரம் எப்படிக் குறையவில்லை என்று கேட்டவர்களுக்கு, சாமியின் உதவியாளர் அருண்பாண்டியன் விளக்கம் சொன்னார்: "அது வெட்ட வெட்ட வளரும்ங்க."

கேட்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தலைமுடியும் அப்படித்தான் வளர்கிறது, அதை யாரும் கும்பிடுவதில்லை.

சந்தனம்மாள் இந்தக் கூட்டத்தில் முதல் வரிசை. காட்டு வேலையில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. வத்தல் வாங்க வரும் வியாபாரி தராசில் கை வைத்தால் அந்தக் கையைத் தட்டிவிடுவாள். ஆனால் காவி கட்டிய ஆளிடம் தராசு இல்லையே, எதைத் தட்டுவது? இரண்டு முறை போய் வந்தாள். முதல் முறையே சாமி கூட்டத்துக்கு நடுவில், "பக்தின்னா இந்த அம்மாதான்" என்று அவளைக் காட்டிச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் நடையே மாறிப் போயிற்று.

இரண்டாம் முறை அவள் சுருட்டிக் கொண்டு போன படுதா நெடுக்கக் கிழிந்திருந்தது.

"புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா வீட்டுக்கு?" என்றார் சாமி.

தை மாசம்தான் மகன் மருதுபாண்டிக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. சந்தனம்மாளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த வட்டாரத்தில் தையில் கல்யாணம் நடக்காத தெரு உண்டா என்று அவள் யோசிக்கவில்லை.

"சூரியனுக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஆகாது. ஒரு வருஷம் பொறந்த வீட்டுல இருக்கட்டும். இல்லேன்னா அடுத்து கிழியிறது படுதாவா இருக்காது."

வீட்டுக்கு வந்ததும் இதை அப்படியே சொன்னாள். கணவர் பால்சாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். மருதுபாண்டி செல்போனைப் பார்த்தபடி, "ஒரு வருஷந்தானம்மா..." என்றான். யாரைச் சமாதானம் செய்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மருமகள் தங்கலட்சுமி அழவில்லை. மாமியார் கக்கத்தில் இருந்த கிழிந்த படுதாவை விறுவிறுவென்று உருவி நடுவீட்டில் விரித்தாள்.

"அத்தை, இங்க தொட்டுப் பாருங்க. வெயிலு பட்ட எடம் வெளுத்து, மாவு மாதிரி கொட்டுது. இந்தா, மேல கயிறு கெடந்த எடம். வெயிலு படல. இன்னும் நீலமா, கெட்டியா இருக்கு. இதுல நான் எங்க வந்தேன்?"

சந்தனம்மாள் தொட்டுப் பார்த்தாள். கொட்டியது. கயிறு கிடந்த தடத்தை இழுத்துப் பார்த்தாள். தாங்கியது.

"சாமி வாக்கு சொல்லிருச்சே," என்றாள் கடைசியில்.

"சரி. நான் போறேன். போறதுக்கு முந்தி அந்தச் சாமியை நானும் ஒருக்கா பாத்துக்கிறேன். பஸ்ஸு அந்த வழிதான போகுது."

சாமி கொடுத்து, மாமியார் தைக்காமல் வைத்திருந்த ரட்சைத் துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் மாமியாரும் மருமகளும் நிழல்சாமி வீட்டு வாசலில் இறங்கினார்கள். ஒருத்தி கையில் துணிப்பை, மருமகள் ஊருக்குப் போவதற்கு. இன்னொருத்தி கையில் தேங்காய், மருமகள் போவதற்கு நன்றிக்காணிக்கை. வாசலில் கூட்டம். இவர்கள் ஊர்க்காரர் சவரியப்பனும் படுதாவோடு நின்றுகொண்டிருந்தார். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதால் இங்கே வந்திருந்தார்.

சாமி சந்தனம்மாளைக் கண்டதும் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். "வந்தியா தாயி. இதுதான் அந்தப் பொண்ணா?"

"ஆமா சாமி, நான்தான்," என்றாள் தங்கலட்சுமி. "ஊருக்குப் போயிட்டிருக்கேன். ஒரே ஒரு சந்தேகம். இந்தத் துண்டு மேல இருக்கிற கூடாரத்துல வெட்டினதுதான?"

"அதே துணிதாம்மா."

"அந்தக் கூடாரத்தை மாத்துனதே இல்லையா?"

"பத்து வருஷமா அதே துணி. கிழியாது, வெளுக்காது."

தங்கலட்சுமி துண்டை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். முக்கால்வாசி வெளுத்துச் சாயம் போயிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு மஞ்சள் கோடு, அரைத்த மஞ்சள் மாதிரிப் பளிச்சென்று.

"இது என்ன கோடு சாமி?"

"அது ரட்சை ரேகை," என்றார் சாமி, யோசிக்காமலே.

"கயிறு கெடந்த தடம் மாதிரி இருக்கு. எங்க வீட்டுப் படுதாவுலயும் இதே கோடு இருக்கு. அங்க யாரும் ரட்சை போடல, வெயிலுதான் போட்டுச்சு. இந்தத் துண்டு வந்த கூடாரம் வெளுத்திருக்கு. மேல நிக்கிறது வெளுக்கல. ரெண்டும் எப்படி ஒரே துணி? மேல கட்டியிருக்கிற கயித்தைத் தூக்கிப் பாப்போம். பத்து வருஷத் துணின்னா கயித்துக்குக் கீழ ஒரு நிறம், வெளிய ஒரு நிறம் இருக்கும். ஒரே நிறமா இருந்தா அது நேத்துக் கட்டின துணி."

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. இத்தனை நாளாக அண்ணாந்து கும்பிட்டவர்கள், முதல் முறையாக அண்ணாந்து பார்த்தார்கள்.

"பொம்பளை மேல ஏறக் கூடாது. தீட்டு," என்றார் அருண்பாண்டியன்.

"நான் ஏறலண்ணே. நம்ம சவரியப்பன் அண்ணே ஏறட்டும்."

"அவுக வேற மதம்."

சவரியப்பன் பேனரைத் திரும்பிப் பார்த்தார். "மதம் இல்லைன்னு போட்டிருக்கீக?"

"அது வாசல் வரைக்கும்ங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாமிக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. நம்பிக்கையான ஒரு முகத்தைத் தேடினார். சந்தனம்மாள் தேங்காயோடு நின்றாள்.

"இந்தத் தாயி போகட்டும். தீட்டு கழிஞ்ச வயசு. பக்தி உள்ள ஆத்மா. இவ கண்ணுக்கு உண்மை தெரியும்," என்றார்.

அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே சரியான குறி அதுதான்.

சந்தனம்மாள் படியேறும்போது மனசுக்குள் வேண்டிக்கொண்டே போனாள். ரெண்டு நிறமா இருக்கணும். சாமி ஜெயிக்கணும். ஊர் முன்னால் தன்னை 'பக்தின்னா இவதான்' என்று சொன்ன வாய் பொய் சொல்லியிருக்கக் கூடாது. மாடியில் வெயில் முகத்தில் அறைந்தது. கூடாரத்தின் மேல் தடித்த வடக்கயிறு ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. அதைத் தூக்கினாள்.

கீழே மஞ்சள். வெளியே மஞ்சள். ஒரே மஞ்சள்.

வேறு இடத்தில் தூக்கினாள். அங்கும் அதேதான். ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். வெட்டிய தடமே இல்லை, கடையில் மடித்த மடிப்பு மட்டும் இருந்தது.

மாடிப்படி அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். பாலிதீன் உறை பிரிக்காத மஞ்சள் படுதாக்கள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பக்கத்தில் வெளுத்துக் கிழிந்த பழைய மஞ்சள் படுதா ஒரு குவியல், மேலே ஒரு கத்தரிக்கோல். வெட்ட வெட்ட வளரும் கூடாரம் வளர்ந்துகொண்டிருந்தது இங்கேதான்.

அவள் அந்த அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். கீழே போய், 'ரெண்டு நிறமாத்தான் இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானம் தப்பிக்கும். மருமகள் பஸ் ஏறிவிடுவாள். தராசில் கை வைக்கும் வியாபாரியின் ஞாபகம் வந்தது. தன் கை இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

கைப்பிடிச் சுவரோரம் வந்து குனிந்து கத்தினாள்:

"ஒரே நிறந்தான்! துணி புதுசு! உள்ள இன்னும் ஒரு லோடு கெடக்கு, எல்லாரும் மேல வாங்க!"

அதன் பிறகு தீட்டு, மதம் எதுவும் படியில் நிற்கவில்லை. ஏறினவர்கள் ஆளுக்கொரு கட்டுப் படுதாவோடு இறங்கினார்கள். வாசல் நிறைய மஞ்சள். அருண்பாண்டியன் பைக்கை எடுக்கப் போனார். சாவியை, கூட்டத்தில் நின்ற கண்டக்டர் வாங்கி வைத்துக்கொண்டார்.

நிழல்சாமி அசரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "துணி புதுசுதான். சக்தி பழசு," என்றார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், கூட்டத்தில் நாலைந்து பேர் அதற்கும் தலையாட்டினார்கள்.

"அப்ப உங்க சக்தி துணிக்கு உதவாது. மாசத்துக்கு ஒரு துணி மாத்துனாத்தான் சக்தியே நிக்குது," என்றாள் தங்கலட்சுமி. "அதுக்கு எதுக்கு சாமி? படுதாக் கடை போதுமே."

தலையாட்டியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

போலீஸ் வந்தபோது சாமியின் பெயர் சின்னத்துரை என்று தெரிந்தது. எங்கோ தூரத்து ஊரில் விசேஷங்களுக்குப் பந்தல் வாடகைக்கு விட்டவராம். வியாபாரம் நொடித்துப் போய், மிச்சமிருந்த படுதாக்களோடு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். பந்தல் போட்டபோது மழைக்கும் வெயிலுக்கும் பயந்தவர், சாமியானதும் எதற்கும் பயப்படவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமியாரும் மருமகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். துணிப்பை சந்தனம்மாள் மடியில் இருந்தது.

"மேல ஏறுறப்ப நீ தோக்கணும்னுதான் வேண்டிக்கிட்டுப் போனேன்," என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும் அத்தை. மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. கீழ பாத்து உள்ளதைச் சொன்னீங்கல்ல, போதும்."

"ஒம் புருசன்ட்ட நான் பேசிக்கிறேன்."

"வேண்டாம். அவுகட்ட நான் பேசிக்கிறேன்."

அன்று சாயங்காலம் மருதுபாண்டியின் செல்போன் வெகுநேரம் ஒலித்துக்கொண்டே இருந்தது. அதை எடுக்கிற நிலையில் அவன் இல்லை.

அந்த வாரமே மாடியில் புதுப் படுதா ஏறியது. கெட்டியான, வெயில் தாங்கும் ரகம்தானா என்று தங்கலட்சுமி கடையில் விசாரித்து வாங்கினாள். குழாய் முனை உரசும் இடத்தில் பழைய டயர்த் துண்டு வைத்துக் கட்டினார் பால்சாமி. புழுதியும் காக்கை எச்சமும் சேராமல் அவ்வப்போது தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். வேலை இல்லாத நாளில் அவிழ்த்து, காயவைத்து, மடித்து உள்ளே வைத்தார்கள். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. படுதாவும் எதிர்பார்க்கவில்லை.

ஆடி பிறந்தபோது முத்துத்தாய் மூச்சிரைக்க வந்தாள்.

"ஏத்தா சந்தனம், எங்க வீட்டுத் தண்ணித் தொட்டி வெடிச்சுப் போச்சு. நரிக்குடிப் பக்கம் ஒரு அம்மா தொட்டி வெடிப்பைப் பாத்தே பலன் சொல்றாகளாம். நாளைக்குப் போறேன், வாரியா?"

சந்தனம்மாள் படுதாவில் கட்டிக்கொண்டிருந்த முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"படுதாவைத் தலைக்கு மேல கட்டு, வெயிலுக்கு நல்லது. தலைக்குள்ள கட்டிக்கிட்டுத் திரியாத."