சீனப்பா லாரிச் சத்தம்

அன்னைக்கு இருந்தது ஒரே வேலை. ஓசூர்ல ஓட்டை விழுந்த சைலன்சரை ஒட்ட வச்சுட்டு, பர்கூர் குவாரிக்குப் போய்க் கல் ஏத்தணும்.

ஒட்ட வச்சதோட நான் நிறுத்தியிருக்கணும்.

சீனப்பான்னு ஒருத்தன். என்னை மாதிரியே கல் லாரி ஓட்டறவன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி சூளகிரி மேட்டுல என்னைத் தாண்டிப் போறப்போ தலையை வெளிய நீட்டி, "பாய், உன் வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கு, ஆவி பிடி!"ன்னு கத்தினான். டீக்கடையில பத்துப் பேர் சிரிச்சாங்க. அந்தப் பத்துப் பேரோட பேரையும் இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

போன மாசம்தான் என் பழைய இஞ்சின் செத்துச்சு. தேடி அலைஞ்சு, சீனப்பா வண்டியில இருக்கற அதே ஆறு சிலிண்டர் இஞ்சினையே வாங்கிப் போட்டேன். ஆனா அவன் வண்டிச் சத்தம் வரல. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி வாய்க்குள்ளயே பேசுச்சு.

வெல்டிங் கடைக்காரன் ஜெயபால் மதுரைக்காரன். அவன்கிட்ட கேட்டேன்.

"சத்தம்ங்கறது பாதி இஞ்சின், பாதி பைப்பு பாய். நாலு சிலிண்டர் கடகடன்னு தட்டும், ஆறு சிலிண்டர் உறுமும். உங்க சைலன்சருக்குள்ள இருக்கற தட்டு அந்த உறுமலை அமுக்குது."

"சீனப்பா வண்டி மட்டும் எப்படி உறுமுது?"

"தட்டை எடுத்துட்டுப் பெரிய பைப்பா போட்டேன். அந்த அளவு எங்கிட்டயே இருக்கு."

"அதே அளவு போடு!"

"எதுக்கு பாய்? ஒட்டி மட்டும் தாரேன்."

"போடுடா!"

போட்டான். ஸ்டார்ட் பண்ணேன். அப்பப்பா! எதிர்க்கடை கண்ணாடியெல்லாம் ஆடுச்சு. ஏழு வருஷம் கழிச்சு நெஞ்சு நிமிர்ந்து உக்காந்தேன்.

பர்கூர் போற வரைக்கும் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கல. அவசரமும் இருந்துச்சு. அன்னைக்கு ஒரே ஒரு லோடுதான். அதை விட்டா, ஊர்த் திருவிழா முடிஞ்சு குவாரி திறக்கற வரைக்கும் வண்டி சும்மா நிக்கணும். முதல்ல வர்றவனுக்குத்தான் லோடு.

நான்தான் முதல்ல போனேன்! வேற ஒரு வண்டியும் இல்ல. வேப்ப மரத்தடியில நிறுத்திட்டு நிம்மதியாப் படுத்தேன்.

அந்தக் குவாரியில யாரும் போய்ப் பேர் குடுக்கறதில்ல. மேஸ்திரி கோவிந்தன் கல் குவியலுக்குப் பின்னாடி கொட்டகையில உக்காந்துக்கிட்டு, வண்டி நுழையற சத்தத்தை வச்சே இன்னார்னு நோட்டுல எழுதிடுவார். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூடத் தப்பினதில்ல.

ஒரு மணி நேரம் கழிச்சு சீனப்பா வந்தான். கொஞ்ச நேரத்துல கிரேன் அவன் வண்டிப் பக்கம் போச்சு.

ஓடினேன். "மேஸ்திரி! முதல்ல வந்தது நான்!"

மேஸ்திரி நோட்டைத் திருப்பினார். "சீனப்பா வந்தான், எழுதிட்டேன். அப்புறம் மறுபடியும் சீனப்பா வந்தான். டீ குடிக்கப் போய்ட்டு வந்திருப்பான் போல. நீ எங்க வந்தே?"

"இதோ நிக்கறேனே!"

"நீ நிக்கறே பாய். உன் வண்டி வந்த சத்தம் கேக்கலையே."

"சத்தத்தை மாத்திட்டேன் மேஸ்திரி! இப்பப் பாருங்க!" ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சேன். குவாரியே அதிர்ந்துச்சு.

மேஸ்திரி கொட்டகைக்குள்ள இருந்தே கத்தினார்: "பாத்தியா! சீனப்பா வண்டிதான்!"

கல் உடைக்கிற ஆளுங்க உளியைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சாங்க. எண்ணிப் பாத்தேன். பதினாலு பேர்.

"ஏமி பாய், என்ன சத்தம்?"னு சிரிச்சுக்கிட்டே வந்தான் சீனப்பா.

"இது யார் வண்டின்னு நீயாவது உண்மையைச் சொல்லுடா!"ன்னேன்.

அவன் என் வண்டிப் பக்கம் காதைச் சாய்ச்சு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் கேட்டான். "மேஸ்திரி தப்பே பண்ணமாட்டார் பாய். இது என் வண்டிதான்"னு சொல்லிட்டு, கல்லை ஏத்திக்கிட்டுப் போயே போய்ட்டான்.

திருவிழா முடியற வரைக்கும் வண்டி வீட்டு வாசல்லயே நின்னுச்சு. குவாரி திறந்ததும் வண்டியை ரோட்டுலயே விட்டுட்டு நடந்து போய், மேஸ்திரி முன்னாடி நின்னு என் பேரைச் சொன்னேன்.

எழுதிக்கிட்டார். செருப்புச் சத்தத்துக்கு ஆறு சிலிண்டர் தேவைப்படல.