ஆறு மாசம் ஊதக் கூடாது

கோவில்பதாகை என்ற ஊரில் ஒரு சாவு. பாண்டு செட்டில் டிரம்பெட் ஊதும் பாஸ்கல் மூச்சைப் பிடித்து ஊதினார். சோகப் பாட்டு வரவில்லை, விசில்தான் வந்தது. பிணத்தின் காலடியில் அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"இன்னா நைனா, பொணமே எழுந்து குந்திக்கும் போல கீதே" என்றான் டிரம் அடிக்கும் கோவிந்தராஜ்.

பாஸ்கலின் முன்பல் ஆடியது. ஈறு மேலேறி வேர் தெரிந்தது. டாக்டர் என்றாலே பாஸ்கலுக்குச் சந்தேகம். உப்பும் கரியும் போட்டுத் தேய்த்தார். இருந்த ஈறும் போனது. ஆடும் பல்லை நைலான் நூலால் பக்கத்துப் பல்லோடு கட்டினார். அதுவும் ஆடத் தொடங்கியது.

"ஊர்ல ஒரு சாவு வுடறதில்ல. ஊட்ல ஒருத்தி இருதயம் வீங்கிக் கெடக்கறா, அவகிட்ட ஒரு நாள் குந்தினியா?" என்றாள் மனைவி லூர்தம்மாள்.

"ஊதலைன்னா என்னை எவன்டி மதிப்பான்?"

கடைசியில் அம்பத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் போனார். மூச்சு வாங்க லூர்தம்மாளும் ஆட்டோவில் கூடவே வந்தாள்.

"ஈறைத் திறந்து சுத்தம் பண்ணி, உள்ளே மெல்லிசா ஒரு தடுப்பு வெச்சுத் தைப்பேன். அது தானாக் கரைஞ்சிடும். அரிச்சுப்போன எலும்பும் சதையும் கொஞ்சம் வளரும். முழுசா வராது" என்றார் டாக்டர்.

"போன சதை திரும்பி வருமா? யார் காதுல பூ சுத்தற?" என்று முனகிக்கொண்டே பாஸ்கல் வாயைத் திறந்தார்.

தையல் போட்டு முடிந்ததும் நர்ஸ் ஜெயசீலி வந்தாள். அவர்கள் போகும் மாதா கோயிலுக்கு வரும் பெண்தான்.

"ஆறு மாசம் ஊதக் கூடாதுண்ணே. மீறினா பல்லு கொட்டிடும்."

ஊர்ச் சாவெல்லாம் அவர் இல்லாமலே நடந்தது. பாஸ்கல் வீட்டில் கஞ்சி காய்ச்சினார். அடிபிடித்தது.

"இதைத் துன்னா நான் இன்னிக்கே போயிடுவேன்" என்றாள் லூர்தம்மாள்.

மறுநாள் தண்ணீரைக் கூட்டினார்.

"இது கஞ்சியா, அயனம்பாக்கம் ஏரித் தண்ணியா?"

அவளுக்குத் தலை பின்னிவிட்டார். கோணல். சண்டையில் தொடங்கிய பேச்சு விளக்கு வைக்கும் வரை ஓடும். கல்யாணமான நாளிலிருந்து பேசாமல் விட்டதையெல்லாம் பேசினார்கள்.

ஐந்தாம் மாதம் லூர்தம்மாள் போய்விட்டாள்.

"வேற ஆளை வெச்சு ஊதிக்கலாம் நைனா" என்றான் கோவிந்தராஜ்.

"பல்லு கொட்டினா கொட்டட்டும்டா."

கல்லறை வரைக்கும் அவரே ஊதினார். ஓர் இடத்திலும் பிசகவில்லை.

மறுநாள் ஜெயசீலியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஊதிட்டேம்மா. எல்லாம் பிச்சிக்கிச்சான்னு பாரு."

அவள் பார்த்தாள். ஈறு கெட்டியாக ஒட்டியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"டாக்டர் ஒரு மாசம்னுதாண்ணே சொன்னாரு. ஆறுன்னு சொல்லச் சொன்னது லூர்தக்கா."