ரெண்டு பன்னீர்ச்சொம்பும் ஒரு பொட்டிக்காரனும்

அதான் சொல்றேனே பரமு, இந்த பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தேடினாலும், செத்துப்போன சித்தப்பாவ ஒரு வாய் காப்பி குடிக்கிறதுக்குள்ள எழுப்பி உக்கார வைக்கிற ஆளு ஒருத்தன்தான். எங்க மாடி ரூம்ல வாடகைக்கு இருந்த பொட்டிக்காரன். நீ இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி. சிரிக்காதலா, என் காதால கேட்டது.

பந்திங் ஊர்லேருந்து வந்தவன். முப்பது வயசுக்குள்ள முன்மண்டை பூரா வழுக்கை. ஒரு கையில துணிப்பை, தோள்ல அரிசி மூட்டையாட்டம் பெரிய கறுப்புப் பொட்டி.

"என்ன தம்பி அது?"

"கம்ப்யூட்டர், பாட்டி. பொட்டி ஒண்ணு, உள்ள பன்னெண்டு."

"பன்னெண்டா! ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்காதா?"

"நெஜத்துல ஒரே மெஷின்தான் பாட்டி. பன்னெண்டா நடிக்கும். ஆனா உள்ள இருக்கிற ஒவ்வொண்ணும் தான் தனி மெஷின்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்."

இதக் கேட்டப்புறம் எனக்கு எப்படி சும்மா இருக்க முடியும், சொல்லு? பேரு எழுதத் தெரியாதவதான் நான், ஆனா ஒரு விஷயம் என்னன்னு தெரியாட்டி எனக்குச் சோறு எறங்காது. தெனமும் ஒரு சாக்கு வச்சு மாடி ஏறிடுவேன். அந்தப் பொட்டிக்குப் பின்பக்கம் சூடான காத்து வரும் பாரு, நம்ம மோர் மிளகாய மழை நாள்ல அங்கதான் காய வைப்பேன். அவன் பாத்துட்டுச் சிரிப்பான். கொஞ்ச நாள் கழிச்சு அவன் வேலை செய்யற ஆஃபீஸ்ல பொட்டியக் கொண்டுவந்து காட்டச் சொன்னாங்களாம், தெறந்து பாத்தா உள்ள மிளகா விதையாம். அதுக்கும் சிரிக்கத்தான் செஞ்சான்.

சித்தப்பா கதைக்கு வரேன். ஒரு நாள் படியேறிட்டு இருக்கேன், உள்ள போன்ல பேசுறான். "பெரியத்தை காலையிலேயே போயிட்டாங்க. சித்தப்பாவும் இப்பத்தான் போனாரு."

ஒரே நாள்ல ரெண்டு சாவு! கீழ வந்து அடுப்புல இருந்த கோழிக் கறிய எறக்கி வச்சேன். துக்க வீட்டுக்குக் கொண்டுபோக, மருமக உமாகிட்ட ஆரஞ்சு வாங்கியாரச் சொன்னேன். வாளியில தண்ணி எடுத்துட்டுப் போயி, "தல முழுகுப்பா மொதல்ல, தீட்டு"ன்னு அவன் முன்னாடி வச்சேன்.

அவன் என்னைப் பாக்குறான், வாளியப் பாக்குறான். "யாரு பாட்டி செத்தா?"

"உன் பெரியத்தைதான்!"

"அவங்கள அப்பவே எழுப்பிட்டேனே. நேத்து எடுத்து வச்ச நகல் இருந்துச்சு."

அப்புறம்தான் தெரிஞ்சது, பன்னெண்டு மெஷினுக்கும் தன்னோட சொந்தக்காரங்க பேரு வச்சிருக்கான். அடிக்கடி மக்கர் பண்ணி நின்னு போறது பெரியத்தை. எதக் கேட்டாலும் மெதுவாப் பதில் சொல்றது சித்தப்பா. அந்தக் கோழிக் கறிய அன்னிக்கு அவனே முக்கால்வாசி முடிச்சான்.

இப்படி நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. உமா லாப்டாப்புல பிள்ளைங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்குறா இல்ல? திடீர்னு ஒரு வாரமா நடுவுல நடுவுல இன்டர்நெட் லைன் போயிடுது. பத்து பிள்ளைங்களும் 'டீச்சர், டீச்சர்'னு கத்திட்டு ஓடிடுதுங்க. என் போன்ல நல்லா இருக்கு, அவ லாப்டாப்புல இல்ல. மறுநாள் அவளுக்கு இருக்கு, எனக்கு இல்ல. கம்பெனி ஆளு வந்து பாத்துட்டு, லைன்ல ஒண்ணும் இல்லன்னுட்டான்.

என் மவன் சேகருக்கு ஏற்கனவே அந்தப் பொட்டியக் கண்டா ஆகாது. "எல்லாம் அந்தப் பொட்டி வேலைதாம்மா. ஞாயித்துக்கெழமை கிளாஸ் மறுபடி நின்னுச்சுன்னா, அவன் சாமானோட வெளிய."

அவன் போயிட்டா அந்தப் பன்னெண்டு பேர நான் எங்க போயிப் பாக்குறது?

அவன் என்னென்னமோ பண்ணிப் பாத்தான். வயர உருவினான், சொருகினான், அலமாரி பின்னாடி தவழ்ந்து போயி ஒட்டடையோட வந்தான். ஒண்ணும் புடிபடல. சனிக்கெழமை மத்தியானம் சோறு போட்டு உக்கார வச்சேன். மொகம் சரியில்ல. சரி, சிரிக்கட்டும்னு கிள்ளான் கல்யாணக் கதைய எடுத்து விட்டேன்.

அது என்ன கதைன்னா கேக்கிற? கொமுட்டர் ரயில் புடிச்சுக் கிள்ளானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஒரே கட்டடம், கீழ ஒரு கல்யாணம், மேல ஒரு கல்யாணம். கீழ்க் கல்யாணத்துக்காரங்க பன்னீர்ச்சொம்போட நிக்கிற வாசல்லயே, மேல் மாடிக் கல்யாணத்துக்காரப் பொண்ணு ஒருத்தியும் ஒரு பன்னீர்ச்சொம்போட வந்து நிக்கிறா. நான் உள்ள நுழைஞ்சதும் அவ முந்திக்கிட்டுப் பன்னீர் தெளிச்சு, சந்தனம் குடுத்து, "மேல போங்க பாட்டி"ன்னா. நானும் போயி, சாப்பிட்டு, அட்சதை போட்டு, அப்புறம்தான் பாக்குறேன், மாப்பிள்ளை மொகமே வேற! நம்ம ஆளுங்க கல்யாணம் கீழ!

இதைச் சொல்லி முடிக்கல, "பாட்டி!"ன்னு எழுந்தான். சாம்பார்க் கையோட மாடிக்கு ஓட்டம். நானும் மூட்டு வலியோட பின்னாடியே.

"பாட்டி, நம்ம வாசல்லயும் ரெண்டு பன்னீர்ச்சொம்பு! இந்த வீட்டுக்குள்ள எந்த போன் வந்தாலும், லாப்டாப் வந்தாலும், 'எனக்கு என்ன நம்பரு, எந்தப் பக்கம் போகணும்'னு கூப்பாடு போடும். அதுக்குப் பதில் சொல்றது ஹால்ல இருக்கிற வைஃபை டப்பா. என் பொட்டிக்குள்ளயும் அந்த வேலைக்கு ஒருத்தன வச்சிருக்கேன், உள்ள இருக்கிற பன்னெண்டு பேருக்காக. போன வாரம் அவங்க வெளிய வந்து போகட்டும்னு நான்தான் கதவத் தொறந்து விட்டேன். இவன் வெளிய வந்து வீட்டு வாசல்லயே நின்னுட்டான்!"

"அப்புறம்?"

"ரெண்டு பேருல யாரு முந்திக் கூப்பிடுறாங்களோ, அவங்க பின்னாடி போயிடுது. டப்பா முந்தினா நல்லாருக்கு. இவன் முந்தினா உமாக்கா லாப்டாப் என் பொட்டிக்குள்ள வந்து முட்டிக்கிட்டு நிக்குது. இவன் காட்டுற வழி பொட்டிக்குள்ளயே சுத்தும், இன்டர்நெட்டுக்குப் போகாது."

"அந்தக் கழுதைய அடிச்சுத் தொரத்து!"

"தொரத்தினா பெரியத்தைக்கு யாரு நம்பர் குடுப்பா? 'உள்வாசல்ல மட்டும் நில்லு, வெளிய யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத'ன்னு சொன்னா போதும்."

ஏதோ தட்டினான். அவ்வளவுதான். எனக்கே சப்புன்னு ஆயிடுச்சு.

சேகர் வந்ததும் பொட்டிக்காரனே போயிச் சொன்னான். "அண்ணே, தப்பு என்னுதுதான்."

"அதான் அன்னிக்கே சொன்னேன்"னு சேகர் மொகத்தத் திருப்பிக்கிட்டான்.

ஞாயித்துக்கெழமை கிளாஸ் ஆரம்பிச்சாச்சு. நான் சாமி மாடத்துக்கும் உமா ரூமுக்கும் நடையா நடக்குறேன். பொட்டிக்காரன் படியில உக்காந்திருக்கான், பக்கத்துல துணிப்பை. நம்பிக்கை இல்ல பாரு, கட்டியே வச்சிட்டான்! கிளாஸ் முடியுற வரைக்கும் ஒரு பிள்ளையும் 'டீச்சர்'னு கத்தல. உமா கதவத் தொறந்து, "அத்தை, அவரச் சாப்பிடக் கூப்பிடுங்க"ன்னா. சேகர் அந்தத் துணிப்பையத் தூக்கிட்டுப் போயி மாடியில வச்சிட்டு வந்தான்.

இப்ப செராஸ்ல இருக்கான், பொண்டாட்டியோட. போன வாரம் போன் பண்ணி, "பதிமூணாவதா ஒண்ணு வச்சிருக்கேன், உங்க பேரு"ன்னான்.

"ஐயையோ, நான் எத்தனை தடவ போனேன்?"

"பெரியத்தை போவாங்க, சித்தப்பா போவாரு. உங்கள மட்டும் அணைக்கிறதே இல்ல பாட்டி."

சரி, அந்த நெத்திலித் தட்ட இப்படித் தள்ளு பரமு. மத்தியானம் வரேன்னிருக்கான், இன்னும் ஒண்ணு கூடக் கிள்ளல. தலையோட போட்டா அவன் தின்ன மாட்டான்.